பீரங்கி பிரிண்ட் செய்ய ஆசையா? முதலில் கையுறை வாங்குங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அடுத்தது பிரிண்டர். சிலருக்கு இப்போது ரெசின் பிரிண்டர் மேல் கண். "இதுவும் பிரிண்டர்தான் சார், ஒயரைச் சொருகினால் வேலை செய்யும்" என்றுதான் எனக்கும் கடையில் சொன்னார்கள். நம்பி வாங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆசை வந்தது பீரங்கியால். உள்ளங்கையில் அடங்கும் பீரங்கிகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுவது இங்கிலாந்தில் பழைய பழக்கம். எச்.ஜி.வெல்ஸ் இதற்கு விதிமுறைகள் எழுதி 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே வெளியிட்டார். அவருடைய பொம்மை பீரங்கி ஸ்பிரிங் விசையில் மரத்துண்டைச் சுட்டு சிப்பாய்களைச் சாய்க்கும். இன்று பெரும்பாலும் பகடைதான் சுடுகிறது. பீரங்கி அச்சு அசலாக இருந்தால் போதும்.

அந்த அச்சு அசலில்தான் ரெசின் ஜெயிக்கிறது. பிரான்சின் 1897 மாடல் பீரங்கியைப் பாருங்கள். குழலின் உள்விட்டம் 75 மி.மீ. 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 1 மி.மீ.க்குச் சற்று அதிகம். மரச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குண்டூசி மாதிரி. பிளாஸ்டிக் இழையை உருக்கிப் போடும் சாதாரண 3டி பிரிண்டரில் முனைத் துளையே வழக்கமாக 0.4 மி.மீ. ரெசின் பிரிண்டரில் திரவ ரெசின் தொட்டிக்கு அடியில் எல்சிடி திரை இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளி பட்ட இடம் மட்டும் கெட்டியாகும். ஓர் அடுக்கு 0.05 மி.மீ.தான். ரிவெட் தலைகூடத் தெரியும்.

சிக்கல் பிரிண்ட் முடிந்த பிறகு. மாடல் பிசுபிசுவென்று வரும். எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மறுபடி புற ஊதா ஒளியில் காட்ட வேண்டும். கெட்டியாகாத ரெசின் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் விடாமல் போகலாம். "ஒரு துளிதானே" என்று கையுறை இல்லாமல் சக்கரத்தைத் துடைத்தேன். விரல் இடுக்கெல்லாம் தடித்து, இரண்டு வாரம் கீபோர்டைத் தொட முடியவில்லை. நம் பிழைப்பே அதில்தானே! இப்போது நைட்ரைல் கையுறை இல்லாமல் பக்கத்தில் போவதில்லை.

'தண்ணீரில் கழுவலாம்' என்றும் ஒரு ரெசின் விற்கிறது. இந்தப் பெயர் மேல் எனக்குக் கோபமே உண்டு. படிப்பவர் நேராக சமையலறை சிங்க்குக்குத்தானே போவார்? கழுவிய தண்ணீரிலும் கெட்டியாகாத ரெசின்தான் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றக் கூடாது. வெயிலில் வைத்து வற்றவிட்டு, கெட்டியான கசடைத்தான் எறிய வேண்டும்.

ஜன்னலை மூடி ஏசி போடும் ஒரே அறை, வீட்டில் தவழும் குழந்தை, இதில் ஒன்று இருந்தாலும் ரெசின் பிரிண்டர் வேண்டாம் என்பேன்.

அதற்காகப் பீரங்கியை மறக்க வேண்டாம். பாதி வேலை உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சிட்டுபாக்ஸ், லைச்சி போன்ற ஸ்லைசர் சாப்ட்வேர்களின் இலவசப் பதிப்பை டவுன்லோட் செய்யுங்கள். எஸ்டிஎல் பைல் ஒன்றைத் திறந்து, மாடலைச் சாய்த்து, சப்போர்ட் எனும் தாங்கு குச்சிகளை வைத்து, அடுக்கடுக்காக ஓட்டிப் பாருங்கள். அந்தரத்தில் தொங்கும் ஆரக்கால் திரையிலேயே தெரிந்துவிடும். இதைப் பார்க்காததால்தான் என் முதல் பீரங்கியில் மூன்று ஆரக்கால்கள் வரவே இல்லை. பிறகு பைலை பிரிண்ட் போட்டுத் தரும் கடையில் கொடுங்கள். அதற்குமுன் பைலின் உரிமத்தைப் படியுங்கள். சில உரிமங்கள் கடையில் கொடுத்து எடுப்பதற்கே தடை போடும்.

நான்கைந்து பீரங்கி வந்த பிறகும் ஆசை அடங்கவில்லை, நேர் வெயில் படாத, காற்றோட்டமான தனி இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். பட்ஜெட் போடும்போது பிரிண்டரோடு ரெசின், ஆல்கஹால், கையுறை, கழுவும் டப்பா, புற ஊதா விளக்கு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.