முந்தானைக்குள் ஒரு சிரிப்பு

பென்னாகரம் பேருந்தில் எனக்கெதிரே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, பேத்தியின் மழலையைக் கேட்டுச் சிரிக்க நேர்ந்தபோதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டதைக் கண்ட நாள் முதல், ஃபுளோரைடு என்பது எனக்கு ரசாயனப் பெயராக இல்லாமல், பழுப்புக் கறை படிந்த பற்களின் ஞாபகமாகவே நிலைத்துவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் காவிரியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்குக் கொணர்ந்தது மகத்தான காரியமே. ஆயினும் குழாய் வறண்ட நாளில் ஜனங்கள் நாடுவது ஃபுளோரைடு மிகுந்த பழைய ஆழ்துளைக் கிணற்றைத்தானே? ஆகையால், அணுவளவே தடித்த கிராஃபீன் ஆக்சைடுத் தாள்களின்மேல் இரும்பு ஆக்சைடின் காந்த நுண்துகள்களைப் பூசி, அவற்றை அடுக்கிச் சவ்வாக்கி நீரை வடிக்கும் ஆராய்ச்சிகளை வாசிக்கையில், துகள்கள் தாள்களை விலக்கி நின்று நீருக்கு வழிவிடுவதையும், அதே பொருளைத் தூளாக நீரிலிட்டால் அது பற்றிக்கொண்ட நஞ்சோடு ஒரு காந்தத்தின் ஈர்ப்பில் ஒருபுறமாக ஒதுங்கிவிடுவதையும் எண்ணி என் மனம் லயித்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இரும்பின் நுண்பொருளைக் கொண்டே ஆர்சனிக்கை அகற்றி, அதைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றிருக்கிறார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற வரம்பை மீறும் எங்கள் ஃபுளோரைடுக்கும் அத்தகைய யாத்திரை விரைவில் வாய்க்க வேண்டும் என்று நான் தவிப்பதற்குக் காரணம் உண்டு: கறை படிவது பல் உருவாகும் பருவத்தில்தான், அந்தப் பேத்திக்கோ இன்னும் பால்பல்லே விழவில்லை.