முதியோர் வாய்மொழி

அயர்லாந்து தேசத்தின் மீத் மாவட்டத்தில் போய்ன் என்னும் நதி பாய்கிறது. அதன் வடகரையில் பசும்புல் போர்த்த பெருமேடு ஒன்று நிற்கிறது. நியூகிரேஞ்ச் என்பது அதன் பெயர். கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்டது; எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள். உள்ளே 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய பாதை. அதன் முடிவில் நீத்தாரின் எலும்புகளை வைத்த அறை. சாந்து ஏதுமின்றிக் கல்மேல் கல்லாக அடுக்கிய அவ்வறையின் கூரை இன்றளவும் மழைநீரை உள்ளே விடவில்லை.

டப்ளின் நகரத்துப் பெண்ணொருத்தி, எண்பது வயதைக் கடந்த தன் தந்தையை ஒரு கோடைநாளில் அங்கே அழைத்து வந்தாள். பழம்பெரும் இடங்கள் நான்கினை ஒரே பகலில் அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். காலையில், பண்டை மன்னர்கள் முடிசூடிய தாரா குன்றில் நின்றபோது, "உரிய மன்னன் தீண்டினால் இக்கல் முழங்கும் என்று என் பாட்டி சொல்லுவாள்" என்று தொடங்கினார் தந்தை. "நேரமாகிறது, அப்பா" என்றாள் மகள். போய்ன் நதிப் பாலத்தில், "இந்த நதி எப்படிப் பிறந்தது தெரியுமா?" என்று கேட்டார். "அவையெல்லாம் கட்டுக்கதைகள், அப்பா. பார்த்து நடந்து வாருங்கள்" என்றாள். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

நியூகிரேஞ்சின் உள்ளறையில் வழிகாட்டி ஒரு வரலாற்றைக் கூறினார். மைக்கேல் ஓகெல்லி என்னும் பேராசிரியர் 1962 முதல் அங்கே அகழாய்வு நடத்தினார். ஆண்டில் ஒருநாள் கதிரவன் அந்த அறையின் உட்புறம் வரை எட்டிப் பார்ப்பான் என்று அவ்வூரார் அவரிடம் சொல்வதுண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் பற்றிய செய்தியை இவ்விடத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றே அவர் முதலில் கருதினார். ஆயினும் அச்சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. 1967 டிசம்பர் 21 அன்று, பொழுது புலருமுன் உள்ளே சென்று காத்திருந்தார். கதிரவன் எழுந்த சில நிமிடங்களில், வாயிலுக்கு மேலிருந்த சிறு திறப்பின் வழியே ஒளிக்கற்றை புகுந்து, பாதை நெடுக ஊர்ந்து, அறையை அடைந்தது. ஊரார் சொல் மெய்யாயிற்று. ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய அந்நாட்களில், சுமார் 17 நிமிடங்கள் அவ்வொளி அங்கே தங்குகிறது.

வழிகாட்டி விளக்குகளை அணைத்தார். பின்னர், அந்த ஒளியை ஒத்த செயற்கை வெளிச்சம் தரையில் மெல்ல ஊர்ந்து வந்தது. மகள் அதைப் பாராமல் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "அப்பா, நதி எப்படிப் பிறந்தது?" என்று கேட்டாள். முதியவர் சற்று நேரம் அவளையே நோக்கினார். பிறகு சொல்லத் தொடங்கினார். போவான் என்னும் தேவி, நெருங்கலாகாது என்று விலக்கப்பட்ட கிணறு ஒன்றனை இடமாகச் சுற்றி வந்தாள். கிணறு பொங்கி எழுந்து, அவளைத் துரத்திக் கடல்வரை ஓடிற்று. அந்த வெள்ளமே இந்த நதி. தேவியின் பெயருக்கு வெண்பசு என்று பொருள் கூறுவர். சொல்லி முடிக்க நெடுநேரமாயிற்று. எஞ்சிய இரண்டு இடங்களை அன்று அவர்கள் காணவில்லை.

பாட்டி சொல்லும் கதைகள் அனைத்தும் வரலாறு ஆகிவிடா. ஆனால் எதனுள் உண்மை உறைகிறது என்பதைக் கேளாமலே எவரும் அறிய இயலாது. பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் எத்தனை இடம் காட்டினோம் என்று எண்ணுவதினும், எத்தனை சொல் கேட்டோம் என்று எண்ணுவது நன்று. பெரியோரும், ஒருமுறை தடுத்துவிட்டார்கள் என்பதற்காக வாய்மூடிவிட வேண்டாம். கேட்கும் செவி சற்றுத் தாமதித்தும் வரக்கூடும்.