புடவை எட்டாத மரம்



பள்ளிச் சுற்றுலா என்றாலே கடற்கரை, மிருகக்காட்சி சாலை, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்றுதான் பட்டியல் போடுகிறோம். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒரே ஒரு மரத்தைப் பார்க்கவென்று ஒருமுறையாவது புறப்பட வேண்டும். "மரத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று தலைமை ஆசிரியர் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப் வரும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த இடம் அது. அதையும் தாண்டி, கேரளத்துப் பரம்பிக்குளம் காட்டுக்குள் போனால், தூணக்கடவு அருகே நிற்கிறது கன்னிமரா தேக்கு. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். நம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு! அந்தக் கோபுரம் 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. மரத்துக்கு வயது 450க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

காஞ்சிபுரத்தில் தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கு, பருமனைப் புடவைக் கணக்கில் சொன்னால்தான் திருப்தி. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஒரு பட்டுப்புடவை 6¼ மீட்டர். அதை இந்த மரத்தைச் சுற்றிக் கட்டினால் முனையும் முனையும் எட்டாது. சுற்றளவு 7 மீட்டரை ஒட்டி இருக்கிறது.

வெட்ட வந்தபோது ரத்தம் கசிந்ததாம். அதனால் கன்னி மரம் என்று மலைமக்கள் வணங்கினார்களாம். இது கதை. நம் ஊர்த் தேக்கின் கொழுந்து இலை ஒன்றைக் கசக்கிப் பாருங்கள், விரல் சிவந்துவிடும். கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த ஒரு மரம் தப்பியது. மற்றவை? ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் தேக்கை வெட்டித் தள்ளினார்கள். யானைகள் இழுத்து வந்த கட்டைகளை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டதால்தான் டாப்சிலிப் என்றே பெயர் வந்தது. காடு மொட்டையாவதைக் கண்டு பதறியவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. வெட்டினால் திரும்ப வளர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933ல் மறைந்த அவருடைய கல்லறை, அவர் வளர்த்த தேக்குகளின் நடுவே டாப்சிலிப்பில் இருக்கிறது. கன்னிமராவைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புவது பாதிச் சுற்றுலாதான்.

போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு. காம்பஸ் முனையால் மரத்தில் பெயர் செதுக்கும் வேலை வேண்டாம். இலையில் தயாராகும் உணவு, பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான் வேர் வரை இறங்குகிறது. உங்கள் பெயர் அந்த வழியை அறுக்கிறது. குரங்குக்கு முறுக்கும் போடாதீர்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சில சமயம் அனுமதி இருக்காது. ஆசிரியரை முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள், பள்ளி மைதானத்தில் 7 மீட்டர் கயிற்றை வட்டமாகப் போடுங்கள். உள்ளே உங்கள் வகுப்பில் எத்தனை பேர் நெருக்கி நிற்க முடிகிறது என்று எண்ணி, அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.