தொடர்கதையாகும் மகள்



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டி நிரம்பி வழிவதை நாம் அன்றாடம் காண்கிறோம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இன்னும் பலர் ஏறுகின்றனர். சம்பாதிக்கும் இப்பெண்களின் வீட்டுக் கதையைத் துணிந்து திரையில் எழுதியவர் கே. பாலசந்தர்.

அவரும் அலுவலகம் சென்றவரே. 1930இல் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர், 1950இல் சென்னை ஏ.ஜி. ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையை விடாமலே நாடகங்கள் எழுதினார். 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு உரையாடல் தீட்டினார். மறு ஆண்டு 'நீர்க்குமிழி'யை இயக்கினார். 1981இல் கவிதாலயாவைத் தொடங்கித் தயாரிப்பாளருமானார். பின்னர் 'ரயில் சினேகம்' போன்ற தொடர்களால் தொலைக்காட்சி வழியே இல்லங்களுக்குள்ளும் புகுந்தார். 2010ஆம் ஆண்டுக்குரிய பால்கே விருது பெற்ற அவர், 2014 டிசம்பரில் மறைந்தார்.

அவருடைய படங்கள் அனைத்தையும் பிள்ளைகளோடு அமர்ந்து காணலாம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் 1974இல் வெளிவந்த 'அவள் ஒரு தொடர்கதை'யைப் பெற்றோர் கட்டாயம் காண வேண்டும். எம். எஸ். பெருமாளின் கதைக்குத் திரைக்கதை அமைத்தவர் பாலசந்தர். தந்தை துறவறம் பூண்டு போய்விட்டார், அண்ணன் குடிகாரன். கவிதா என்னும் ஒரு மகளின் சம்பளத்தில் வீடு முழுவதும் உண்கிறது. சுஜாதா ஏற்ற அந்தக் கவிதா, பொறுமையின் சிலையல்லள். கோபிக்கிறாள், சுடச்சுடப் பேசுகிறாள். உழைப்பவளுக்குச் சலிப்பும் உண்டென்று ஒப்புக்கொண்டதே அப்படத்தின் நேர்மை. தனக்கென வந்த மணவாழ்வையும் தங்கைக்கு ஈந்துவிட்டு, இறுதியில் மீண்டும் வேலைக்கே கிளம்புகிறாள்.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அக்கதை நம் பங்குகளில் நடைபெறுகிறது. தம்பியின் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று மகளின் திருமணம் தள்ளிப்போகிறது. தங்கையின் திருமண ஓலை கோவிலில் வாசிக்கப்படுகிறது. அக்காள் பாடகர் குழுவில் நின்று கேட்கிறாள். நாம் வினவினால், "அவளுக்கே விருப்பமில்லை, சாமி" என்று தாயார் முந்திக்கொண்டு விடையளிக்கிறார்.

பெற்றோரை மதிக்குமாறு பிள்ளைகளுக்கு நான்காம் கட்டளை உண்டு. அதை நாம் அடிக்கடி நினைவூட்டுகிறோம். ஆனால் பிள்ளைகள் பெற்றோருக்காகச் சேர்த்துவைக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர், பெற்றோரே பிள்ளைகளுக்காகச் சேர்க்க வேண்டும் என்னும் கருத்தைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் (12:14) கூறுவதை எத்தனை வீடுகளில் வாசிக்கிறோம்?

மகளிடம் அவளுடைய விருப்பத்தைத் தனியே அழைத்துக் கேளுங்கள். சம்பளம் வரும் நாளன்று மட்டும் கேட்க வேண்டாம்.