கூடாரம் ரெடி, இடம் ரெடியா?

மார்கழி பிறந்தாலே வாலிபர்களுக்கு வீடு தங்காது! புதுக்கோட்டை டீக்கடை பெஞ்சில் ஆறேழு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடாரம் அடித்து இரண்டு ராத்திரி வெளியே தங்கப் போகிறார்களாம். பிரியாணி அண்டா யார் கொண்டு வருவது என்று அரை மணி நேரம் சண்டை. எங்கே தங்குவது? "படகு பிடிச்சா வான்தீவுக்கே போயிரலாம்ல!" என்றார் ஒருவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போகலாம். வனத்துறை வழக்கும் கூடவே வரும். வான்தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

வழக்கு கிடக்கட்டும், மழைக்கு என்ன பதில்? 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்று பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் சிக்கித் தவித்தார்கள். இரும்புப் பெட்டிக்கே அந்தக் கதி. துணிக் கூடாரம் என்ன செய்யும்?

சரி, கோடையில் மலைக்குப் போகலாம் என்பீர்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் பிடித்த காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரைப் பலி வாங்கியது.

ஆகவே தம்பிகளா, பொங்கல் கழிந்து மழை ஓயட்டும். காடு காய்வதற்குள் போய்விட்டு வாங்க. ஓடைக்கரை வேண்டாம். போகிற இடத்தை வீட்டில் நிஜமாகச் சொல்லுங்க. "சிநேகிதன் வீட்டுக் கல்யாணம்" என்று புளுகினால், தேடி வருகிற போலீஸ்காரர் கல்யாண மண்டபத்தில்தான் போய் நிற்பார்!