'ரீப்ளேஸ் ஆல்' என்கிற பெருவியாதி

மின்னூல் ஆக்குகிறேன் பேர்வழி என்று கிளம்பும் புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு. ஸ்கேன் பண்ணி, ஓசிஆரில் போட்டு, மேற்கோள்குறியெல்லாம் கந்தலாக வந்ததும் நீங்க அமுக்குகிற முதல் பொத்தான் 'ரீப்ளேஸ் ஆல்'. வினை அங்கேதான் ஆரம்பம்.

வேர்டில் ஸ்மார்ட் கோட்ஸை இயக்கிவிட்டு, நேர்க்குறியைத் தேடி நேர்க்குறியாலேயே மாற்றினால் அதுவே வளைத்துக் கொடுக்கும். எப்படி? முன்னால் இடைவெளி இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி. அவ்வளவுதான் அதன் மூளை! ஓசிஆரோ மூடும் குறிக்கு முன்னாலும் சில சமயம் இடைவெளியைச் செருகிவிடும். விளைவு, 'என்றாள்' வருமுன் மூட வேண்டிய பேச்சு மறுபடி திறந்து நிற்கும்.

சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று எண்ணிச் சரிக்கட்டுவார்கள். ஒரே ஆள் மூன்று பத்தி பேசினால் ஒவ்வொரு பத்தியும் குறியோடு தொடங்கும், கடைசியில்தான் மூடும் என்கிற அச்சு மரபு யாருக்கு வேண்டும்? எங்க காமர்ஸ் பாஷையில் சொன்னால், டிரையல் பேலன்ஸ் டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை சாமி!

வெறும் குறிதானே என்கிறீர்களா? குறி தொலைந்தால் வில்லன் உளறுவது ஆசிரியர் கருத்தாகிவிடும். நாட்டுடைமையான நூல் என்றால் அந்தப் பிழைப்பிரதிதான் ஊரெல்லாம் சுற்றும்.

வழி இருக்கு. தமிழில் 'என்றான்', 'என்றாள்', 'என்று' எல்லாம் பேச்சு முடியும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அதைத் தேடுங்க. ஆனால் 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' போட்டு, ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக. நேரமாகும்தான். எழுதினவருக்கு அதைவிட நேரமாச்சுங்க.