பன்னீர் திராட்சைக்கு ஒரு சிபாரிசு

பழக்கடையில் திராட்சை வாங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கை போவது விதையில்லாத பச்சைத் திராட்சைக்கு. அடுத்தது, அட்டைப் பெட்டியில் அழகாக அடுக்கி வருகிற நீளமான கறுப்பு ரகத்துக்கு. ஓரத்தில் ஒரு கூடையில் உருண்டையாக, கொட்டையும் தடித்த தோலுமாக, பாதி காம்பிலிருந்து உதிர்ந்து கிடக்கிறதே பன்னீர் திராட்சை, அது "ஜூஸுக்குத்தான் சார்" என்பது கடைக்காரரின் தீர்ப்பு. கீழ்க்கட்டளையில் மேடவாக்கம் மெயின் ரோடு நெடுக இதே தீர்ப்புதான். அதை எதிர்த்து ஓர் அப்பீல் மனு என்று இந்தப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.

மனுதாரரின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டக்கலைப் புத்தகங்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் போன்றவர்கள் வாயில் அது 'மியூஸ்கா த ஆம்பூர்' என்று வரும். ஆம்பூர் என்றதும் பிரியாணி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் பிரெஞ்சு உச்சரிப்பு அதுதான். இத்தனைக்கும் இந்தத் திராட்சை பிறந்தது ஜெர்மனியில் இல்லை. இங்கிலாந்தில், ஸீவர்ட் ஸ்னோ என்கிற தோட்டக்காரர் 1850 வாக்கில் கண்ணாடி வீட்டுக்குள் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது என்று திராட்சைப் பதிவேடுகள் சொல்கின்றன. ஒரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, மத்தியதரைக் கடலோரத்து மிகப் பழைய வாசனைக் குடும்பம். மறுபக்கம் பிளாக் ஹாம்பர்க். லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பதினெட்டாம் நூற்றாண்டில் நட்டு இன்றும் காய்க்கிறதே ஒரு பெரிய கொடி, அந்த ஜாதி. பெண் கேட்கப் போனால் யாரும் மறுக்க முடியாத வம்சம்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைக் கொண்டுவந்தார் என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் எழுதின. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த கண் இங்கே சும்மா இருக்குமா? 1850இல் பிறந்த பிள்ளை 1832இல் எப்படிக் கப்பல் ஏறியது? பாதிரியார் கொடி கொண்டுவந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பூசைக்குரிய ரசம் திராட்சையிலிருந்துதான் வர வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. வேறு பழம் செல்லாது. ஆனால் அந்தக் கொடி தாயாகவோ பெரியப்பாவாகவோ இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு தேதிகளில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் இதன் பெயர்களில் இருக்கிறது. நாம் பன்னீர் என்கிறோம். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் குலாபி, அதாவது ரோஜா. சீனாவில் மெய்குய் ஷியாங். அதற்கும் ரோஜா வாசனை என்றே பொருள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூன்று தேசத்துக்காரர்கள் ஒரே சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். வேதியியலும் அதையே சொல்கிறது. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் என்கிற வாசனைப் பொருள் மஸ்கட் குடும்பத்துப் பழங்களிலும் இருக்கிறது.

பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு செப்டம்பரில், சந்தையில் 'மியூஸ்கா து வாந்தூ' என்று சீட்டு ஒட்டிய சிறிய பெட்டிகளைப் பார்த்தேன். 1997இல் பிறப்பிடச் சான்று பெற்ற திராட்சை அது. கொத்துக்கு மரியாதை, பெட்டிக்கு மரியாதை, விலைக்கும் மரியாதை. ஒன்றை வாயில் போட்டேன். நம்ம பன்னீர்! சாட்சாத் அதே ரகம்.

சரி, ஒயின்? ரசிகர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே மூக்கைச் சுளிப்பார்கள். சாப்பிடுகிற திராட்சையாம், ஒயினுக்கு ஆகாதாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இதன் தோலில் சாயம் குறைவு, சூடான ஊரில் சரியாகக் கறுக்காது. துவர்ப்பும் போதாது. கேபர்நே சோவின்யோன் மாதிரி அடர்ந்த, நாக்கைப் பிடிக்கிற சிவப்பு ஒயினை இதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாகவதரிடம் போய்க் குத்துப்பாட்டு கேட்டால் யார் மேல் தப்பு? வாசனையை நம்பி, இளஞ்சிவப்பாக, கொஞ்சம் இனிப்போடு செய்தால் இதற்கு இணை குறைவு. கலிஃபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்கிற பெயரில் இதை வைத்து உணவுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். 1980இல் சீனாவின் தியான்ஜினில் ரெமி மார்ட்டன் என்கிற பிரெஞ்சு பிராந்திக் கம்பெனி கூட்டுச் சேர்ந்து டைனஸ்டி ஒயினைத் தொடங்கியபோது, அங்கே கிடைத்த இதே பழத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரன் மூக்கைச் சுளிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த பரங்கிமலைப் பக்கம் இதெல்லாம் தெரிந்த சங்கதி. கிறிஸ்துமஸ் ஒயினுக்குக் கொட்டையில்லாத திராட்சை வேண்டாம், பன்னீர்தான் வேண்டும் என்பார்கள். பீங்கான் ஜாடி, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. என்னைக் கேட்டால் அந்தக் கிராம்பு அநாவசியம். இருக்கிற வாசனையை அது அமுக்கிவிடுகிறது.

இப்போது விவசாயி பக்கம் வருகிறேன். நாசிக்கில் தை தொடங்கிச் சித்திரைக்குள் அறுவடை முடிந்துவிடும். கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் கவாத்தை முன்பின்னாக மாற்றி வருஷம் முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். அபூர்வமான வசதி. ஆனால் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். பறித்தால் நாலு நாள் தாங்காது, காம்பிலிருந்து உதிரும். உதிர்ந்த பழத்துக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. உதிர்ந்தாலும் குறையில்லாமல் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் ஒயின் தொட்டி.

மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்தும் கொள்கை கொண்டுவந்து ஒயினுக்குக் கலால் சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007இல் தனி ஒயின் கொள்கையே போட்டது. இங்கே 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதே அரசாங்கம். அந்தக் கடைகளில் பெரும்பாலும் ஓடுவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சரக்கு. குடியை வளர்க்கச் சொல்லி நான் வாதாடவில்லை. குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். விற்பது என்று முடிவு செய்த பிறகு, கழிவுப்பாகுக்கு உள்ள வாசல் கம்பத்து விவசாயியின் பழத்துக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது, ஒயினுக்கும் ஏற்ற பழம் என்று சேர்த்தே சொன்னார்கள். சிறிய ஒயின் கூடங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உரிமம், வாங்குகிற பழம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை, பாட்டிலில் 'கம்பம் பன்னீர்' என்று தமிழில் பெயர். முதல் உத்தரவுக்கு இரண்டு பக்கம் போதும். வரைவு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.